ஃபேஜ்களை ஒப்பிட வரும் மகளுக்கு

மகளே,

பாக்டீரியாக்களைத் தாக்கும் வைரஸ்களின் ஜீனோம்களை ஒப்பிடும் வேலைக்கு வரப்போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. பூமியில் உள்ள அந்த வைரஸ்களை, அதாவது ஃபேஜ்களை, எண்ணப் புகுந்தால், ஒன்றுக்குப் பின்னால் 31 சுழி போட வேண்டியிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் நாம் படித்தது மிகக் கொஞ்சம். உனக்கு வேலை தீர்ந்துபோகும் என்ற கவலை வேண்டாம். எந்த மென்பொருளை எப்படி ஓட்டுவது என்பதை உன் ஆய்வகத்தில் சீக்கிரமே கற்றுத் தந்துவிடுவார்கள். எப்படிப்பட்ட மனத்தோடு அந்தத் திரைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பதை மட்டும் நான் சொல்கிறேன். இந்தத் துறை தடுக்கி விழுந்து, எழுந்து, கற்றுக்கொண்டவை இவை.

1. ஃபேஜை முதலில் தட்டில் பார், பிறகு திரையில் பார்.

உன் கைக்கு ஒரு கோப்பாக வந்து சேர்வதற்கு முன்னால் அது மண்ணிலோ சாக்கடையிலோ வாழ்ந்தது. பாக்டீரியா படர்ந்த தட்டில் ஃபேஜ் புகுந்த இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும். சில ஃபேஜ்களின் வட்டம் கண்ணாடிபோலத் துலங்கும். சிலவற்றின் வட்டம் கலங்கியிருக்கும். கலங்கிய வட்டத்தில் பாக்டீரியாக்கள் சில பிழைத்திருக்கின்றன. அந்த ஃபேஜ் தன் டிஎன்ஏவைப் பாக்டீரியாவின் டிஎன்ஏவுக்குள் செருகிவிட்டு அங்கேயே தங்கும் வகையாக இருக்கலாம். பின்னால் நீ ஜீனோமில் தேடப்போவதற்கான முதல் துப்பு அங்கேயே கிடைத்துவிடுகிறது.

ஒரே வட்டத்திலிருந்து எடுத்து, மறுபடி பரப்பி, மறுபடி ஒரே வட்டத்திலிருந்து எடுத்துத் தூய்மை செய்ய வேண்டும். இதில் சோம்பினால் இரண்டு ஃபேஜ்கள் கலந்துவிடும்; கணினி அவற்றை ஒட்டி, உலகில் இல்லாத ஒரு வைரஸை உனக்குக் கொடுத்துவிடும். எங்கே எடுத்தாய், என்று எடுத்தாய், எந்தப் பாக்டீரியாவில் வளர்த்தாய் என்பதை அன்றன்றே எழுதி வை. ‘மடி’ என்றொரு ஃபேஜ் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 2010-ல், அழுகிய கத்தரிக்காயின் அடிப்பக்கத்திலிருந்து கிடைத்தது. அதை அன்று ஒருவர் ஒழுங்காகக் குறித்து வைத்தார். அந்தக் கத்தரிக்காய்க்கு இன்னும் ஒரு கதை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

2. கையில் இருப்பது உன்னுடையதுதானா என்று கேள்.

5,386 என்ற எண்ணை மனத்தில் எழுதிக்கொள். ஃபை எக்ஸ் 174 என்ற ஃபேஜின் ஜீனோமில் இருக்கும் எழுத்துகளின் எண்ணிக்கை அது. முழுமையாகப் படிக்கப்பட்ட முதல் டிஎன்ஏ ஜீனோம் அதுதான்; 1977-ல் ஃபிரெடரிக் சாங்கரின் குழு படித்தது. இன்று டிஎன்ஏவைப் படிக்கும் இலுமினா கருவிகளில் ஓட்டம் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக அதே ஃபேஜின் டிஎன்ஏவைக் கலந்து விடுகிறார்கள். அதை நீக்க மறந்தவர்கள் எத்தனையோ பேர். பொதுத் தரவுத்தளங்களில் 1,000-க்கும் மேற்பட்ட நுண்ணுயிர் ஜீனோம்களுக்குள் இந்த ஃபேஜ் ஒட்டிக்கொண்டிருந்ததை 2015-ல் ஓர் ஆய்வு காட்டியது. புதிய வைரஸ் ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நெஞ்சு படபடக்கும் நேரத்தில்தான் நிதானம் வேண்டும். முதலில் நீளத்தைப் பார். பதறாத காரியம் சிதறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாங்கரின் குழு 1977-ல் அச்சிட்ட நீளம் ஏறத்தாழ 5,375. அடுத்த ஆண்டே அவர்கள் அதைத் திருத்தி 5,386 என்று வெளியிட்டார்கள். இரண்டு நோபல் பரிசு பெற்ற கை அது. திருத்துவதால் ஒருவருடைய மதிப்பு குறைவதில்லை.

3. முதல் எழுத்து எங்கே என்று தெரியாமல் ஒப்பிடாதே.

லாம்டா ஃபேஜின் டிஎன்ஏ 48,502 எழுத்து நீளம். அதன் இரு முனைகளிலும் 12 எழுத்துகள் ஒற்றை இழையாக நீட்டிக்கொண்டிருக்கும், ஒன்றோடொன்று பொருந்தும். டி7 ஃபேஜுக்கு இரு முனையிலும் ஒரே 160 எழுத்துகள் திரும்ப வரும். டி4-இல் ஒவ்வொரு துகளின் டிஎன்ஏவும் ஒவ்வோர் இடத்தில் தொடங்கும். அதற்கு நிலையான முதல் எழுத்தே கிடையாது. இந்த வேறுபாடு கணினிக்குத் தெரியாது. அது எங்கேயோ வெட்டி, ஏதோ ஓர் இழையைக் கொடுக்கும்.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவன், தன் ஃபேஜில் பாதி ஜீனோம் இடம் மாறிப் புரண்டிருக்கிறது என்று படங்களெல்லாம் வரைந்து கொண்டுவந்தான். முகம் முழுக்க வெளிச்சம். அவனுடைய வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கோப்புகளையும் ஒரே மரபணுவிலிருந்து, ஒரே திசையில் தொடங்கச் செய்து மறுபடி ஓட்டச் சொன்னார். புரட்சி மறைந்துபோனது. அவன் சோர்ந்தபோது அவர், “நல்லவேளை, இது நம் அறைக்குள்ளேயே நடந்தது” என்று தோளைத் தட்டினார். நீயும் டிஎன்ஏவைத் தலைக்குள் திணிக்கும் புரதமான டெர்மினேஸின் மரபணுவிலிருந்து தொடங்கும் வழக்கத்தைப் பழகிக்கொள். நிலையான முனை கொண்ட ஃபேஜ் என்றால் அந்த முனையிலிருந்தே தொடங்கு.

4. மென்பொருள் சொன்னதைக் கேள். முடிவை நீ எடு.

கிளிம்மர், ஜீன்மார்க் முதலியவை மரபணுக்களை நன்றாகவே கண்டுபிடிக்கும். ஆனால் ஃபேஜின் ஜீனோமில் இடம் நெருக்கடி. ஒரு மரபணு முடியும் எழுத்துகளிலேயே அடுத்தது தொடங்கிவிடும். ஃபை எக்ஸ் 174-இல் ஒரு மரபணுவுக்குள்ளேயே வேறு வாசிப்பில் இன்னொரு மரபணு ஒளிந்திருந்தது. அது அக்காலத்தில் பலரைத் திகைக்கவைத்தது. நீண்ட வாலுள்ள பல ஃபேஜ்களில், வால் கட்ட உதவும் இரண்டு புரதங்கள் அடுத்தடுத்த மரபணுக்களிலிருந்து வரும். ரைபோசோம் நடுவழியில் ஓர் எழுத்து பின்னால் வழுக்கினால்தான் இரண்டாவது முழுமை பெறும். மென்பொருள் பெரும்பாலும் இந்த வழுக்கலைப் பார்க்காமல் கடந்துபோகும். நீ அங்கே நின்று பார்க்க வேண்டும்.

அதற்கு அடுத்து வரும் நீளமான மரபணு எனக்கு மிகவும் பிடித்தது. வாலின் நீளத்தை அளந்து தரும் புரதம் அதிலிருந்து வருகிறது. லாம்டாவில் அந்த மரபணுவைக் குட்டையாக்கினால் வாலும் குட்டையாகும் என்று கட்சுராவும் ஹென்ட்ரிக்ஸும் 1984-ல் காட்டினார்கள். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் உன் ஃபேஜின் வாலை அளந்து, இந்த மரபணுவின் நீளத்தோடு சேர்த்துப் பார். எழுத்துக்கும் உடலுக்கும் இருக்கும் உறவு அன்று உனக்கு விளங்கிவிடும். அந்த மகிழ்ச்சியை யாரும் சொல்லித் தர முடியாது.

5. ‘செயல் தெரியாது’ என்று எழுதக் கூசாதே.

எந்தப் புதிய ஃபேஜை எடுத்தாலும் மரபணுக்களில் பாதிக்கு மேல் என்ன செய்கின்றன என்பது தெரியாமலேயே இருப்பது சாதாரணம். வெற்றிடத்தைப் பார்த்தால் இளையவர்களுக்குக் கை பரபரக்கும். தரவுத்தளத்தில் எங்கோ ஒரு மெல்லிய ஒற்றுமை கிடைக்கும். அதன் பெயரை எடுத்து ஒட்டிவிடுவார்கள். அடுத்தவர் உன்னைப் பார்த்து ஒட்டுவார், அவரைப் பார்த்து இன்னொருவர். சில ஆண்டுகளில் அந்தப் பெயருக்கு நூறு சாட்சிகள் இருப்பதாகத் தோன்றும். நூறும் ஒரே ஊகத்தின் நிழல்கள். ஒட்டுவது சுலபம், உரிப்பது பெரும்பாடு.

2014-ல் மனிதக் குடலின் டிஎன்ஏ தரவுகளிலிருந்து கிராஸ்ஃபேஜ் என்ற ஜீனோமை ஒட்டியெடுத்தார்கள். ஏறத்தாழ 97,000 எழுத்துகள். எத்தனையோ மனிதரின் குடலில் மிகுதியாக இருந்தும் அதுவரை யாரும் அறியாதது, ஏனென்றால் அதன் பெரும்பாலான புரதங்கள் தெரிந்த எதையும் ஒத்திருக்கவில்லை. கண்டவர்கள் தெரியாததைத் தெரியாது என்றே எழுதினார்கள். 2018-ல் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு ஃபேஜை வேறொரு குழு பாக்டீரியாவில் வளர்த்துக் காட்டியது. நீ நேர்மையாக விட்டுவைக்கும் வெற்றிடம் இன்னொருவர் வந்து வேலை செய்வதற்கான இடம்.

6. முழு ஜீனோமுக்கும் ஒரே பாட்டன் இருப்பான் என்று நம்பாதே.

இதை நீ ஆற அமர வாசிக்க வேண்டும். மற்றதெல்லாம் மறந்தாலும் இது மறக்கக்கூடாது.

எழுத்துகளைப் படிக்கும் வழி வருவதற்கு முன்பே, 1960-களின் இறுதியில், இரண்டு ஃபேஜ்களின் டிஎன்ஏக்களைப் பிரித்துக் கலந்து மறுபடி சேரவிட்டு, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஒத்த பகுதிகள் இரட்டை இழையாக ஒட்டிக்கொண்டன. ஒவ்வாதவை வளையங்களாகப் பிரிந்து நின்றன. லாம்டாவையும் அதன் உறவுகளையும் இப்படிப் பார்த்தபோது, ஒற்றுமை சீராகத் தேய்ந்து போகவில்லை. இங்கே அப்படியே ஒத்திருக்கும். சட்டென்று ஓர் எல்லை. அதற்கப்பால் துளியும் ஒவ்வாது. பிறகு மறுபடி ஒத்திருக்கும். 1980-ல் டேவிட் போட்ஸ்டீன் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்: ஃபேஜ்களின் பரிணாமம் முழு உடலாக நடப்பதில்லை, மாற்றிக்கொள்ளத்தக்க பகுதிகளாக நடக்கிறது என்றார். 1999-ல் ரோஜர் ஹென்ட்ரிக்ஸ், கிரஹாம் ஹாட்ஃபுல் ஆகியோர் குழுவாக வெளியிட்ட கட்டுரை, உலகின் ஃபேஜ்கள் அனைத்தும் ஒரு பொதுக் களஞ்சியத்திலிருந்து மரபணுக்களை எடுக்கின்றன என்றும், எல்லாருக்கும் எல்லாம் சம அளவில் எட்டுவதில்லை என்றும் சொன்னது. அடுத்த ஆண்டில், ஹாங்காங்கில் கண்டெடுக்கப்பட்ட எச்கே97, எச்கே022 இரண்டின் முழு ஜீனோம்களும் வெளிவந்தன. லாம்டாவோடு அவற்றை வைத்துப் பார்த்தபோது அந்த எல்லைகள் எழுத்து எழுத்தாகவே தெரிந்தன.

காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது கதவு, தூண், உத்திரம் என்று தனித்தனியாக விற்பார்கள். அவற்றை வாங்கி ஒருவர் புது வீடு கட்டினால், அந்த வீட்டுக்கு என்ன வயது? கதவுக்கு ஒரு வயது, தூணுக்கு ஒரு வயது. ஃபேஜின் ஜீனோமும் அப்படித்தான். தலைப் புரதங்கள் ஒரு வழியாக வந்திருக்கும். பாக்டீரியாவின் சுவரை உடைக்கும் நொதி வேறு வழியாக வந்திருக்கும்.

பெயரை வைத்தும் உறவு சொல்லாதே. மைக்கோபாக்டீரியாக்களைத் தாக்கும் ஃபேஜ்களில் சிஎச்இ8, சிஎச்இ9சி, சிஎச்இ9டி என்று மூன்று உண்டு. மூன்றும் சென்னையில் கிடைத்தவை. 2003-ல் வெளியான புகழ்பெற்ற ஒப்பீட்டுக் கட்டுரையில் இடம்பெற்றவை. 9சி, 9டி என்ற பெயர்களைப் பார்த்தால் உடன்பிறப்புகள் என்று தோன்றும். ஜீனோமின் நீளமும் இரண்டுக்கும் 56, 57 ஆயிரம் எழுத்துகள்தான். ஆனால் 9டி, சிஎச்இ8 இருக்கும் எஃப் தொகுதியில் சேர்கிறது. 9சி தனியே ஐ தொகுதியில் நிற்கிறது. ஒரே ஊர், ஒத்த பெயர், ஒத்த நீளம், வேறு குலம்.

எனவே “இந்த இரண்டு ஃபேஜ்களும் உறவா?” என்று யாராவது கேட்டால் உடனே பதில் சொல்லாதே. “எந்தப் பகுதியில்?” என்று திருப்பிக் கேள். ஒரு மரபணுவை வைத்து மரம் வரைந்தால் அது அந்த மரபணுவின் மரம். அதை ஃபேஜின் மரம் என்று கட்டுரையில் எழுதுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீ எழுதாதே. அந்த எல்லைகள் எப்படித் தோன்றுகின்றன என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்துண்டு: கண்டபடி வெட்டி ஒட்டியதில் பிழைத்தவை மட்டும் மிஞ்சின என்பார் சிலர், எல்லையில் இருக்கும் சிறு ஒற்றுமைகள் இணைப்புக்கு வழிகாட்டின என்பார் வேறு சிலர். நான் முதல் கருத்தின் பக்கம் அதிகம் சாய்பவன். நீ தரவைப் பார்த்துச் சாய்.

7. விழுக்காட்டுக்கு மரியாதை கொடு, மண்டியிடாதே.

98 விழுக்காடு ஒற்றுமை என்று திரையில் வரும். எவ்வளவு நீளத்துக்கு என்று பார். ஜீனோமின் இருபதில் ஒரு பங்குக்கு மட்டும் 98 என்றால், அது வேறு செய்தி. முழு நீளத்துக்கும் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தால் ஒரே சிற்றினம், ஏறத்தாழ 70-க்கு மேல் ஒத்தால் ஒரே பேரினம் என்று இன்று கொள்கிறார்கள். மைக்கோபாக்டீரியா ஃபேஜ்காரர்கள் மரபணுக்களில் 35 விழுக்காடு பொதுவாக இருந்தால் ஒரே தொகுதி என்று வைத்தார்கள். இவை வேலைக்கு உதவும் கோடுகள். 2015-ல் 627 மைக்கோபாக்டீரியா ஃபேஜ்களை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, தொகுதிகளுக்கு நடுவே இடைவெளிகள் நிரம்பிக்கொண்டே போவது தெரிந்தது. வால் வடிவத்தை வைத்துப் பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடம் செய்த மூன்று பெரும் குடும்பங்களைச் சர்வதேச வகைப்பாட்டுக் குழு 2022-ல் நீக்கியேவிட்டது, ஜீனோம்கள் அவற்றுக்குச் சாட்சி சொல்லாததால். கோட்டை நாம் போட்டோம்; ஃபேஜ்கள் போடவில்லை.

8. எழுத்து ஒவ்வாவிட்டாலும் விட்டுவிடாதே.

டிஎன்ஏ ஒவ்வாதபோது புரதத்தை ஒப்பிடு; புரதமும் ஒவ்வாதபோது அதன் மடிப்பைப் பார். எச்கே97-இன் தலைப் புரதம் மடிந்திருக்கும் விதம் எழுத்தளவில் சிறிதும் ஒவ்வாத எத்தனையோ ஃபேஜ்களில் இருக்கிறது. மனிதரைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸின் தலையிலும் அதே மடிப்பு. மரபணுக்கள் நிற்கும் வரிசையும் சாட்சிதான்: டெர்மினேஸ், வாசல் புரதம், தலைப் புரதம், வால் புரதம் என்ற ஒழுங்கு, எழுத்துகள் முற்றிலும் மாறிய பின்னும் நிலைத்திருக்கும். பொறுமையாகத் தேடுகிறவருக்குத்தான் பழைய உறவுகள் தென்படும்.

9. உன் ஒரு வரியை நம்பி ஒருவர் உடம்பில் மருந்து ஏறும்.

கத்தரிக்காயின் மீதிக் கதை இது. லண்டனில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 15 வயதுச் சிறுமிக்கு, எந்த மருந்துக்கும் அடங்காத மைக்கோபாக்டீரியம் தொற்று பரவியது. மூன்று ஃபேஜ்களைச் சேர்த்துக் கொடுத்தார்கள், அவள் தேறினாள். 2019-ல் அது வெளியாயிற்று. மூன்றில் ஒன்று ‘மடி’. அது இயல்பாகவே பாக்டீரியாவைக் கொல்லும் வகை. மற்ற இரண்டும் பாக்டீரியாவுக்குள் ஒடுங்கித் தங்கக்கூடியவை. அப்படித் தங்கவைக்கும் அடக்கி மரபணுவை நீக்கிய பிறகே அவற்றைக் கொடுத்தார்கள். எந்த மரபணுவை நீக்குவது என்பது ஜீனோமை ஒழுங்காகப் படித்து வைத்திருந்ததால் தெரிந்தது.

மறுபக்கமும் உண்டு. காலராவின் நச்சை உண்டாக்கும் மரபணுக்களை ஒரு ஃபேஜ்தான் சுமக்கிறது என்று 1996-ல் வால்டரும் மெக்கலானோஸும் காட்டினார்கள். டிஃப்தீரியா நச்சும் ஃபேஜ் வழி வருவது. ஆகவே செருகும் நொதி இருக்கிறதா, அடக்கி இருக்கிறதா, நச்சு மரபணு இருக்கிறதா என்று பார்க்கும்போது மட்டும் இரவு வெகுநேரமாகிவிட்டது என்று அவசரப்படாதே. தூங்கி எழுந்து மறுநாள் பார்.

10. கண்டெடுத்தவர் பெயரை விடாதே.

1915-ல் ஃபிரெடரிக் ட்வோர்ட் எழுதியதையும் 1917-ல் ஃபெலிக்ஸ் டி ஹெரெல் எழுதியதையும் வைத்து, யார் முதல் என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. இன்று இரண்டு பேர்களையும் சேர்த்தே சொல்கிறோம். அமெரிக்காவில் 2008 முதல் கல்லூரியின் முதலாண்டு மாணவர்களே மண்ணை அள்ளி, ஃபேஜைப் பிரித்து, ஜீனோமுக்குக் குறிப்பெழுதும் பெரும் திட்டம் நடக்கிறது. அவர்கள் கண்டெடுத்த ஃபேஜுக்குப் பெயர் வைப்பதும் அவர்கள்தான். அந்த வழக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. உன் ஆய்வகத்தில் தட்டு ஊற்றிக் கொடுக்கிறவர், சாக்கடை நீர் எடுத்து வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் பங்கை எழுதிவை. முடித்த ஜீனோமை மூலத் தரவோடு பொதுவில் வை. பூட்டி வைத்த ஜீனோமை ஒப்பிட யாராலும் முடியாது.

சென்னை ஃபேஜ்கள் மூன்றின் ஜீனோம்களும் ஜென்பேங்கில் எல்லாருக்கும் திறந்தே இருக்கின்றன. சிஎச்இ9சி-யிலிருந்து எடுத்த இரண்டு புரதங்களை வைத்து, காசநோய்க் கிருமியின் மரபணுக்களையே விரும்பியபடி மாற்றும் முறையை 2007-ல் உருவாக்கினார்கள். அந்த இரண்டும் 60, 61 என்ற எண்ணுள்ள மரபணுக்களிலிருந்து வருபவை. மூன்று கோப்புகளையும் இன்றே இறக்கிக்கொள். எந்த மென்பொருளையும் ஓட்டுவதற்கு முன்னால், 9சி-யில் அந்த இரண்டு மரபணுக்களும் எங்கே நிற்கின்றன, பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள், மற்ற இரண்டு ஃபேஜ்களில் அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நீயே பார்த்துக் குறித்துக்கொள். பார்த்ததை எனக்கு எழுது.